'பேமென்ட் டிடக்டட்' முதல் 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்' வரை: ஆங்கிலச் செயப்பாட்டுவினை எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

வேலை முடித்து மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களின் மின்னஞ்சல்களையும் விண்ணப்பங்களையும் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். சிவப்பு மை அதிகம் விழுவது பாஸிவ் வாய்ஸிலும், அதற்குள் 'ரிட்டன்', 'வாஷ்ட்' என்று உட்கார்ந்திருக்கும் வினை வடிவமான பாஸ்ட் பார்ட்டிசிபிளிலும்தான். இத்தனைக்கும் இவர்கள் பள்ளியில் 'சேஞ்ச் த வாய்ஸ்' கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள். விதி அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவசரமாக நாலு வரி எழுதும்போது உள்ளே ஓடுவது தமிழ் வாக்கியம். அந்தத் தமிழ் வாக்கியம் எப்படி நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழில் 'வீடு கட்டியாச்சு', 'சாமான் வாங்கியாச்சு' என்கிறோம். வீடு தன்னைத் தானே கட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் கேட்பவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று'. திண்ணையை யாரோ மெழுகினார்கள், சொல்வதோ திண்ணை மெழுகிற்று என்று. 'படு' சேர்த்து 'மெழுகப்பட்டது' என்பது நாம் எழுத்தில் மட்டும் எடுத்து வைக்கும் வடிவம், பேச்சில் அதிகம் வராது. ஆங்கிலம் இந்தச் சலுகையைப் பொதுவாகத் தருவதில்லை. திண்ணை மெழுகப்பட்டது என்றால் அதற்கு ஒரு 'வாஸ்' கட்டாயம்.

கீழே பிழைகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் எழுத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு சோதனைகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் உதவும்.

முதலாவது, 'எதை' சோதனை. வினைச்சொல்லுக்கு முன்னால் 'யாரை' அல்லது 'எதை' என்று கேளுங்கள். எதை எழுதினான், யாரைப் பிடித்தார்கள் என்றெல்லாம் கேட்க முடிகிறது. அப்படியானால் அந்த வினை பாஸிவாகும். எதை நடந்தது, யாரை இறந்தார் என்று கேட்க முடியவில்லையென்றால் ஆகாது.

இரண்டாவது, 'செய்தது யார்' சோதனை. வாக்கியத்தின் முதலில் நிற்கும் ஆளோ பொருளோ அந்த வேலையைத் தானே செய்ததா, அல்லது வேலை அதன் மேல் நடந்ததா? அதன் மேல் நடந்தது என்றால் 'பி' குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சொல் வேண்டும். இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங் எல்லாம் அந்தக் குடும்பம்.

அறிகுறி: 'பேமென்ட் டிடக்டட், பட் டிக்கெட் நாட் புக்ட்'

இது திண்ணை மெழுகிற்று வாக்கியமேதான், ஆங்கில உடை போட்டிருக்கிறது. பணம் பிடித்தார்கள், டிக்கெட் போடவில்லை. பணமும் டிக்கெட்டும் எதையும் செய்யவில்லை, இரண்டின் மேலும் வேலை நடந்திருக்கிறது, அல்லது நடக்காமல் போயிருக்கிறது. அதனால் 'த பேமென்ட் வாஸ் டிடக்டட், பட் த டிக்கெட் வாஸ் நாட் புக்ட்'.

இந்தப் பிழை ஒட்டிக்கொள்வதற்குச் செய்தித்தாள் தலைப்புகளும் ஒரு காரணம். 'டூ கில்ட் இன் ஆக்சிடென்ட்', 'த்ரீ ஹெல்ட் ஃபார் தெஃப்ட்' என்று தினமும் படிக்கிறோம். இடம் போதாததால் தலைப்பில் 'வேர்' என்பதை வெட்டிவிடுகிறார்கள். கீழே செய்தியைப் படித்தால் முதல் வரியிலேயே அந்த 'வேர்' இருக்கும். தலைப்பிலிருந்து மொழி கற்றால் தலைப்பு மாதிரியே எழுத வரும். அந்த 'ஹெல்ட்' பலரை ஏமாற்றவும் செய்யும். மூன்று பேர் எதையோ பிடித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை, மூன்று பேர் பிடிபட்டார்கள் என்று பொருள்.

'பி' சேர்க்க வேண்டும் என்று தெரிந்தபின் அடுத்த தடுமாற்றம், எந்த 'பி' என்பது. ஒரே வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். வாராவாரம் வண்டி கழுவப்படுகிறது: 'த பைக் இஸ் வாஷ்ட் எவ்ரி சண்டே'. இப்போது கழுவிக்கொண்டிருக்கிறார்கள்: 'த பைக் இஸ் பீயிங் வாஷ்ட்'. நேற்று கழுவினார்கள்: 'த பைக் வாஸ் வாஷ்ட் யெஸ்டர்டே'. கழுவியாச்சு: 'த பைக் ஹாஸ் பீன் வாஷ்ட்'. நாளை கழுவுவார்கள்: 'த பைக் வில் பி வாஷ்ட் டுமாரோ'. ஐந்திலும் 'வாஷ்ட்' அசையவே இல்லை. காலத்தைச் சுமப்பது முழுக்க 'பி'யும் அதற்கு முன்னால் நிற்கும் 'ஹாஸ்', 'வில்' போன்ற துணைகளும்தான். பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்ற பெயரில் 'பாஸ்ட்' இருப்பதால் அது இறந்தகாலத்தைக் காட்டும் என்று நினைத்துவிடுகிறோம், அந்தப் பெயர் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. நாளைக்குத் தரப்போகும் சம்பளத்துக்கும் 'வில் பி பெய்ட்' என்றுதான் அதே வடிவம் வருகிறது. அதனால் வகுப்பில் நான் அதை மூன்றாம் வடிவம் என்றே சொல்கிறேன். 'கோ, வென்ட், கான்' என்று நாம் ஒப்பிக்கும்போது மூன்றாவதாக வருவது. இந்தக் கட்டுரையிலும் இனி அப்படியே சொல்கிறேன்.

இதே நோயின் இன்னொரு முகம்: 'திஸ் ஃபார்ம் மஸ்ட் சைன்ட்', 'த பில் கேன் பெய்ட் ஆன்லைன்'. மஸ்ட், கேன், வில், ஷுட் ஆகியவற்றுக்குப் பின்னால் வெறும் 'பி' வர வேண்டும். 'மஸ்ட் பி சைன்ட்', 'கேன் பி பெய்ட்'.

அறிகுறி: 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் அப்ரூவ்ட்'

அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நானே என் முதல் வேலையில் 'த அமவுன்ட் ஹாஸ் ரிசீவ்ட்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். மேலாளர் கூப்பிட்டு, 'அமவுன்ட் யாரிடமிருந்து என்ன வாங்கிச்சு?' என்று கேட்டார். கேள்வி சரிதான். 'ஹாஸ் அப்ரூவ்ட்' என்றால் விண்ணப்பம் உட்கார்ந்து யாருக்கோ அனுமதி கொடுத்துவிட்டது என்று பொருள். 'பீன்' என்ற ஒரு சொல் சேர்ந்தால்தான் விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்தது என்று ஆகும்: 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் அப்ரூவ்ட்'.

மூன்றாம் வடிவத்துக்கு இரண்டு துணைகள் உண்டு. 'ஹேவ்' குடும்பத்தோடு சேர்ந்தால் வேலை முடிந்ததைச் சொல்லும், 'பி' குடும்பத்தோடு சேர்ந்தால் வேலை யார் மேல் நடந்தது என்பதைச் சொல்லும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டும் நிற்க வேண்டும், 'ஹாஸ்' முன்னால், 'பீன்' பின்னால். தமிழில் 'அனுமதித்தாச்சு' என்று ஒரே சொல்லில் இரண்டும் முடிந்துவிடுகிறது, அதனால்தான் 'பீன்' நம் கைக்கு வருவதில்லை. சரிபார்க்க எளிய வழி: மின்னஞ்சலை அனுப்பும் முன் 'ஹாஸ்', 'ஹேவ்' இருக்கும் இடத்திலெல்லாம் நின்று, செய்தது யார் என்று கேளுங்கள். 'த மேனேஜர் ஹாஸ் அப்ரூவ்ட் இட்' சரி, மேலாளர்தான் செய்தார். 'த பார்சல் ஹாஸ் டெலிவர்ட்' தவறு, பார்சல் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அறிகுறி: 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்'

மேலே பார்த்ததற்கு நேர் எதிரான நோய், வேண்டாத இடத்தில் 'வாஸ்'. பெரும்பாலும் 'பி' விட்டுப்போகிறது என்று யாரோ திருத்திய பிறகு, பயத்தில் எல்லா இடத்திலும் போடுகிறவர்களுக்கு வருகிறது. இங்கே 'எதை' சோதனையைப் போடுங்கள். எதை நடந்தது? கேள்வியே நிற்கவில்லை. ஆகவே 'ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்', அவ்வளவுதான். ஹேப்பன், டை, அரைவ், அப்பியர், பிலாங், கன்சிஸ்ட் எல்லாம் இந்த வகை. 'த டீம் இஸ் கன்சிஸ்டட் ஆஃப் ஃபைவ் மெம்பர்ஸ்' தவறு, 'த டீம் கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' சரி.

ஒரே ஒரு சொல்லில் இந்தச் சோதனை நம்மைக் கவிழ்த்துவிடும். அது பிறப்பு. 'பாரதி வாஸ் பார்ன் இன் 1882. ஹி டைட் இன் 1921.' தமிழில் பிறந்தார், இறந்தார் இரண்டும் ஒரே மாதிரி நடக்கின்றன. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'வாஸ்' உண்டு, இரண்டாவதற்கு இல்லை. காரணம், 'பேர்' என்ற வினைக்குப் பெறுதல் என்று பொருள், அதைச் செய்பவள் தாய். குழந்தை பெறப்படுகிறது, எனவே 'வாஸ் பார்ன்'. இறப்பதை அவரவர்தான் செய்கிறோம், எனவே வெறும் 'டைட்'. 'ஐ பார்ன் இன் மதுரை' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை தாயை நினைத்துக்கொண்டால் போதும், அப்புறம் தவறு வராது. இரங்கல் செய்திகளில் வரும் 'ஹி இஸ் எக்ஸ்பயர்ட்', 'ஹி வாஸ் பாஸ்ட் அவே' இரண்டும் இதே கணக்குதான். 'ஹி பாஸ்ட் அவே' என்பதே மரியாதையான, சரியான வாக்கியம். 'ஹி இஸ் டெட்' என்கிறோமே என்று கேட்பார்கள். 'டெட்' வினைச்சொல்லே இல்லை, அது நிலையைச் சொல்லும் பெயரடை.

அறிகுறி: 'த லெட்டர் வாஸ் ரோட்', 'த கேக் வாஸ் கட்டட்'

இது மூன்றாம் வடிவத்தையே தவறாக எடுக்கும் பிழை. அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அகர வரிசையில் ஒப்பித்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஓசையை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் படியுங்கள், நிற்கும்.

ஒரு கூட்டம் மாறவே மாறாது: கட், புட், ஹிட், ஷட், ஹர்ட், காஸ்ட், செட், லெட். மூன்று வடிவமும் ஒன்று. எல்லாமே 'ட்' ஓசையில் முடிகின்றன என்பதைக் கவனியுங்கள். ஆனால் 'ட்'டில் முடிவதெல்லாம் இந்தக் கூட்டம் இல்லை, 'வெய்ட்'டுக்கு 'வெய்ட்டட்' உண்டு. 'கட்டட்', 'ஹிட்டட்', 'காஸ்டட்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும்.

இன்னொரு கூட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று. பிரிங்கும் பையும் டீச்சும் கேட்சும் 'ப்ராட், பாட், டாட், காட்' என்று ஒரே ஓசையில் வந்து விழும். கீப், ஸ்லீப், ஃபீல் எல்லாம் 'கெப்ட், ஸ்லெப்ட், ஃபெல்ட்' என்று குறுகும். சென்ட், பில்ட், பெய்ட், ஹெல்ட், 'ஸே'யிலிருந்து வரும் செட் ஆகியவையும் இங்கேதான். இந்தக் கூட்டத்தில் பிழை குறைவு, ஏனென்றால் எதை எடுத்தாலும் சரியாகவே இருக்கும்.

பிழை முழுக்க 'ன்' கூட்டத்தில் நடக்கிறது. ரைட், ரோட், ரிட்டன். டேக், டுக், டேக்கன். ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன். ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன். சூஸ், சோஸ், சோஸன். கிவ், கேவ், கிவன். ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன். ஃபர்கெட், ஃபர்காட், ஃபர்காட்டன். இவற்றில் 'வாஸ்' அல்லது 'ஹாஸ்' வந்தால் 'ன்' வரவேண்டும், அவை இல்லாமல் தனியாக நின்றால் 'ன்' வரக்கூடாது. 'ஐ ரிட்டன் எ லெட்டர்' எந்த அளவுக்குத் தவறோ அதே அளவுக்கு 'த லெட்டர் வாஸ் ரோட்' தவறு. ஸிங், ஸாங், ஸங் கூட்டத்திலும் இதே கதை. டிரிங்க், டிராங்க், டிரங்க். பிகின், பிகான், பிகன். ரிங், ராங், ரங். நடுவில் 'ஆ', கடைசியில் 'அ'. நீளம் கடைசியில் குறுகுகிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம், கேம், கம். ரன், ரான், ரன். இவை போய்விட்டுத் திரும்பி வரும். 'ஹி ஹாஸ் கேம்' என்பது நம் ஊரில் படித்தவர்கள் வாயிலும் வரும் பிழை, 'ஹி ஹாஸ் கம்' சரி.

இரட்டைச் சொற்கள் சிலவற்றில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஃபைண்ட்' என்பதன் மூன்றாம் வடிவம் 'ஃபவுண்ட்'. அதே 'ஃபவுண்ட்' தனி வினையாக நின்றால் நிறுவுதல் என்று பொருள், அதன் மூன்றாம் வடிவம் 'ஃபவுண்டட்'. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்டது என்பதற்கு 'வாஸ் ஃபவுண்டட் இன் 1857' என்றுதான் எழுத வேண்டும். 'வாஸ் ஃபவுண்ட்' என்றால் எங்கோ தொலைந்து 1857 இல் கண்டெடுத்ததாக ஆகிவிடும். 'ஹேங்' இன்னொன்று. படம் மாட்டியிருந்தால் 'ஹங்', தூக்கிலிட்டால் 'ஹேங்ட்'. 'கட்டபொம்மன் வாஸ் ஹேங்ட் இன் 1799.' இந்த இடத்தில் 'ஹங்' என்று எழுதியதைப் பார்த்தால் எனக்கு மனசே ஒப்பாது.

அறிகுறி: 'த ஃபைல் இஸ் அட்டாச்', 'ஐ ஆம் இன்ட்ரஸ்ட்'

கடைசி ஈ-டி காணாமல் போகிறது. இது இலக்கணத்தைவிடக் காதுக்கும் நாக்குக்கும் உள்ள பிரச்சினை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பாட்டு, நாக்கு என்று ஓர் உகரம் வந்து தாங்கும், அல்லது வேறு எழுத்தில் முடியும். அதனால் 'அட்டாச்ட்', 'ஃபினிஷ்ட்', 'ஆஸ்க்ட்' மாதிரிக் குவிந்து நிற்கும் மெய்களில் கடைசியை விழுங்கிவிடுகிறோம். சொல்லாததைக் காது கேட்பதில்லை, கேட்காததைக் கை எழுதுவதில்லை.

ஈ-டிக்கு மூன்று ஓசை உண்டு. 'டீ' குடிக்கிறோமே, அந்த ட ஒன்று: ஃபினிஷ்ட், வாஷ்ட், பேக்ட். 'டாக்டர்' என்பதன் முதல் ட இன்னொன்று: சைன்ட், அப்ரூவ்ட், க்ளோஸ்ட். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஓசை வேறு. மூன்றாவது, சொல் ஏற்கனவே அந்த இரண்டு ஓசைகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் ஒரு தனி அசை கூடும்: சப்மிட்டட், ரிஜெக்டட், நீடட். 'வாஷெட்', 'பேக்கெட்' என்று எல்லாவற்றுக்கும் தனி அசை சேர்ப்பதும் தவறுதான், ஆனால் எழுத்தில் அது ஈ-டியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது என்பதால் தொடக்கத்தில் நான் கண்டிப்பதில்லை.

நம் வீட்டிலேயே மூன்றாம் வடிவங்கள் நிறைய இருக்கின்றன. பால் பாக்கெட்டில் 'டோன்ட் மில்க்' என்று போட்டிருக்கும், தரப்படுத்தியதில் 'ஸ்டாண்டர்டைஸ்ட்' என்று இருக்கும். புழுங்கலரிசி மூட்டையில் 'பாயில்ட் ரைஸ்'. சாலையோரக் கடைப் பலகையில் மட்டும் பெரும்பாலும் 'ஃப்ரை ரைஸ்' ஆகிவிடுகிறது, 'ஃப்ரைட் ரைஸ்' என்று இருக்க வேண்டும், வறுக்கப்பட்ட சோறு. 'யூஸ் டு', 'சப்போஸ் டு' என்று எழுதுவதும் இதே விழுங்கல்தான். 'யூஸ்ட் டு', 'சப்போஸ்ட் டு' என்பதே சரி.

அறிகுறி: 'ஐ ஆம் போரிங்'

எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, நான் மற்றவர்களைச் சலிப்படையச் செய்பவன் என்று சொல்லிவிடுகிறோம். இதை மனப்பாடப் பட்டியலாகத்தான் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். நான் தமிழிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பெயரெச்சம் இரண்டு பக்கமும் பார்க்கும். 'எழுதிய பையன்' என்றால் எழுதியவன். 'எழுதிய கடிதம்' என்றால் எழுதப்பட்டது. 'எழுதிய' மாறவில்லை, எதிரில் இருக்கும் பெயரைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ஒரு வேலையை இரண்டு வடிவங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. செய்கிறவர் பக்கம் ஐ-என்-ஜி, செய்யப்பட்டது பக்கம் மூன்றாம் வடிவம். 'எ ரிட்டன் லெட்டர்' இருக்கலாம், 'எ ரிட்டன் பாய்' இருக்க முடியாது.

சமையலறையில் இது நன்றாகத் தெரியும். 'பாயிலிங் வாட்டர்' என்றால் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். 'பாயில்ட் வாட்டர்' என்றால் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீர், ஆறியிருக்கலாம். டாக்டர் குடிக்கச் சொல்வது இரண்டாவதை. மாற்றிச் சொன்னால் நாக்கு வெந்துவிடும்.

இப்போது உணர்ச்சிக்கு வருவோம். படம் சலிப்பைத் தருகிறது, அது செய்கிற பக்கம், 'த ஃபிலிம் இஸ் போரிங்'. எனக்குச் சலிப்பு வந்தது, நான் பட்டவன், 'ஐ ஆம் போர்ட்'. தமிழில் 'பட்டேன்' என்று சொல்லிப் பார்க்க முடிந்தால் அங்கே மூன்றாம் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆச்சரியப்பட்டேன், 'ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்'. கவலைப்பட்டேன், 'ஐ வாஸ் வரீட்'. வெட்கப்பட்டேன், 'ஐ வாஸ் எம்பாரஸ்ட்'. பாஸிவுக்கு நாம் போடும் அதே 'படு' உணர்ச்சிக்கும் வந்து நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். உணர்ச்சி நம் மேல் வந்து விழுகிறது என்று இரண்டு மொழியும் ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 'ஃபாலன் லீவ்ஸ்', 'ரிடயர்ட் டீச்சர்' ஆகியவற்றில் யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை, இலை விழுந்தது, ஆசிரியர் ஓய்வு பெற்றார். வேலை நடந்து முடிந்து ஒரு நிலை மிஞ்சினால் இப்படிச் சில சொற்கள் வரும். எண்ணிக்கையில் குறைவு, பார்க்கும்போது தெரிந்துகொண்டால் போதும்.

அறிகுறி: 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் த ரூல்ஸ்', 'ஐ வாஸ் ஸ்டோலன்'

'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியம் 'ஐ' என்று மாறும்போது வரும் பிழை. எனக்குச் சொன்னார்கள் என்பது 'ஐ வாஸ் டோல்ட்' ஆகும், எனக்குக் கொடுத்தார்கள் என்பது 'ஐ வாஸ் கிவன்' ஆகும். ஆனால் எனக்கு விளக்கினார்கள் என்பது 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்' ஆகாது. சோதிக்க ஆக்டிவுக்குப் போங்கள். 'தே டோல்ட் மீ', 'தே கேவ் மீ' என்று 'மீ' நேராக ஒட்டுகிறது. 'தே எக்ஸ்ப்ளெயின்ட் மீ' ஒட்டாது, நடுவில் 'டு' வேண்டும். 'டு' கேட்கும் வினைகளில் ஆளை முன்னால் கொண்டுவர முடியாது, விஷயத்தைத்தான் கொண்டுவர வேண்டும்: 'த ரூல்ஸ் வேர் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ'. ஸே, சஜஸ்ட், டிஸ்க்ரைப், அனவுன்ஸ் எல்லாம் இப்படித்தான். 'ஐ வாஸ் செட்' என்று எழுதத் தோன்றும் இடத்தில் 'ஐ வாஸ் டோல்ட்' போடுங்கள்.

திருட்டு விஷயத்தில் போன் போனது, நான் போகவில்லை. 'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்.' ஆளை முன்னால் வைக்க வேண்டுமென்றால் 'ஐ வாஸ் ராப்ட்'. காவல் நிலையத்தில் ஆங்கிலத்தில் புகார் எழுதுகிறவர்கள் இதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'த பாட் இஸ் ஃபில்ட் பை வாட்டர்'

'ஆல்' என்றால் 'பை' என்று படித்ததன் விளைவு. 'அவனால் வெட்டப்பட்டது', 'கத்தியால் வெட்டப்பட்டது' இரண்டிலும் நமக்கு ஒரே 'ஆல்'. ஆங்கிலத்தில் செய்த ஆளுக்கு 'பை', கையில் இருந்த கருவிக்கும் நிரப்பிய பொருளுக்கும் 'வித்'. 'கட் பை ஹிம் வித் எ நைஃப்', 'ஃபில்ட் வித் வாட்டர்', 'கவர்ட் வித் டஸ்ட்'. இன்னும் சிலவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 'இன்ட்ரஸ்டட் இன்', 'நோன் டு எவ்ரிபடி', 'மேட் ஆஃப் வுட்'. திருமணத்துக்கு 'மேரீட் டு'. 'மேரீட் வித்' இல்லை.

அறிகுறி: 'ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே'

முடி வெட்டிக்கொண்டேன் என்கிறோம், வெட்டியது சலூன்காரர். ஆங்கில வாக்கியமோ நீங்களே கத்தரியோடு கண்ணாடி முன் நின்றதாகச் சொல்கிறது. 'ஐ ஹாட் மை ஹேர் கட்.' ஹாட், பொருள், மூன்றாம் வடிவம், இந்த வரிசை மாறக்கூடாது. 'ஐ ஹாட் மை பைக் ரிப்பேர்ட்', 'ஐ காட் த ஃபார்ம் அட்டெஸ்டட்'. வரிசையை மாற்றி 'ஐ ஹாட் ரிப்பேர்ட் மை பைக்' என்றால் நீங்களே ஸ்பானர் பிடித்ததாகிவிடும்.

அறிகுறி: 'த ஷாப் இஸ் ஓபன்ட்'

'க்ளோஸ்ட்' சரியென்றால் 'ஓபன்ட்' ஏன் தவறு? திறந்திருக்கும் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஓபன்' என்ற பெயரடை ஏற்கனவே இருக்கிறது, அதனால் 'த ஷாப் இஸ் ஓபன்'. திறந்த செயலைச் சொன்னால் மட்டும் 'ஓபன்ட்': பழைய பாம்பன் ரயில் பாலம் 'வாஸ் ஓபன்ட் இன் 1914'.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனாலும் படிக்க முடியவில்லை

'எ கப் ஆஃப் டீ வாஸ் டிரங்க் பை மீ.' ஒரு பிழையும் இல்லை, ஆனால் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இதற்கு 'சேஞ்ச் த வாய்ஸ்' பயிற்சியைத்தான் நான் குறை சொல்வேன். ஆக்டிவும் பாஸிவும் ஒன்றையே இரண்டு விதமாகச் சொல்கின்றன, இஷ்டம் போல மாற்றலாம், மாற்றினால் 'பை' கட்டாயம் என்று அது நம் தலையில் ஏற்றிவிட்டது. உண்மையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் பெரும்பாலான பாஸிவ் வாக்கியங்களில் 'பை' இல்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோது, தெரிந்தாலும் முக்கியமில்லாதபோது, சொல்லாமலே புரியும்போதுதான் பாஸிவைத் தேடிப் போகிறோம். 'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்' என்பதில் 'பை எ தீஃப்' சேர்த்து என்ன பயன்?

'பை' போட்டே ஆக வேண்டிய இடம் எது என்றால், பேச்சு பொருளைப் பற்றி ஓடிக்கொண்டிருக்க, செய்தவர் பெயர் புதிய செய்தியாக வரும் இடம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறீர்கள், அளவு, கல், கோபுரம் எல்லாம் சொல்லியாயிற்று, அடுத்து 'இட் வாஸ் பில்ட் பை ராஜராஜ சோழன்' என்று எழுதினால் அது கச்சிதமாக உட்காரும். பெயர் வாக்கியத்தின் கடைசியில் கனமாக வந்து நிற்கிறது.

பாஸிவையே போடக்கூடாத இடம் ஒன்றும் உண்டு, அதில் நான் கறாராக இருக்கிறேன். தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் 'எ மிஸ்டேக் வாஸ் மேட்' என்று எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவருவார்கள். பார்ட்டிசிபிள் சரி, 'வாஸ்' சரி, எல்லாம் சரி. இருந்தாலும் அதை முழுவதும் அடித்துவிட்டு 'ஐ மேட் எ மிஸ்டேக்' என்று எழுதிக் கொடுக்கிறேன்.